திருமலையில் கூட்டமே இல்லை

"லட்டு ஒரு ஆளுக்கு எத்தனை குடுப்பீங்க சார்?"

பேணாட் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காதில் வைத்தார். இந்திய இலக்கம். காலையிலிருந்து மூன்றாவது அழைப்பு. மூன்றும் லட்டு.

"லட்டோ? இஞ்ச காலமைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும், ஐயா. மீன் வேணுமெண்டா முதல் நாளே சொல்லவேணும்."

மறுமுனையில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

"மீனா?"

"ஓம். பாரை, விளைமீன். எல்லாம் பக்கத்துக் கடல்."

"சார்... அங்கயா மீன் சமைக்கிறீங்க?"

"பின்ன? துறைமுகத்தில இருந்துகொண்டு மீன் சமைக்காம? உங்களுக்கு லட்டுத்தான் வேணுமெண்டா அதையும் செய்விக்கலாம். என்ர மனிசி செய்வா."

அழைப்பு அறுந்தது.

பேணாட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஊர் அளவு பெரிய கப்பல்களையெல்லாம் கயிற்றில் கட்டி, மாட்டைக் கொட்டிலுக்குக் கொண்டுபோவது போல இழுத்துவந்து கரையில் விட்ட கை அது. ஓய்வு பெற்றதும், உட்துறைமுக வீதியில் அப்பா கட்டிய மாடி வீட்டை ஆறு அறை விடுதியாக்கி, 'துறைமுகக் காட்சி' என்று பெயரும் வைத்தார். நான்காம் அறையின் குளியலறையில் கதிரை போட்டு ஏறி நின்றால் துறைமுகம் தெரியும். ஆகவே பெயரில் பொய் இல்லை என்பது அவர் கட்சி.

வீட்டில் பாதி அவருடையது. மறுபாதி ரொறன்ரோவில் இருக்கும் அக்கா மெற்றில்டாவுடையது. ஈஸ்டருக்கு வந்த அக்கா, காலியாகக் கிடந்த ஆறு அறைகளையும் திறந்து திறந்து பார்த்துவிட்டு, போகும்போது சொன்னார்.

"தம்பி, ரைல்ஸ் கடைக்காரர் வீட்டைக் குத்தகைக்குக் கேக்கிறார். யூலை முப்பத்தொண்டுக்குள்ள உன்ர நெட்டைப் பாத்து ஒரு குடும்பமாவது வந்து மூண்டு நாள் தங்கட்டும், நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி கையெழுத்து வைப்பன்."

ரைல்ஸ் கடை! அப்பா செபமாலை சொன்ன விறாந்தையில் கழிப்பறைக் கொமட் அடுக்கி வைப்பார்கள். பேணாட் அன்று சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார். கை கழுவிய ஈரத்தோடு எதிர்க்கடைக்குப் போனார்.

எதிர்க்கடை ரிஷாத்தினுடையது. போன் திருத்துவார், போட்டோகொப்பி அடிப்பார், வீதியில் பாதிப் பேரின் கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

"தம்பி, கூகிள்ல எங்கட விடுதி முதல் பக்கத்தில வரவேணும். என்ன செய்யலாம்?"

"அதுக்கெண்டு டூல் இரிக்கு அண்ணன். கூகிளே சும்மா தாறது ஒண்டு இரிக்கு. ஆக்கள் என்ன சொல்லை அடிச்சு உங்கட பக்கத்துக்கு வாறாங்க, எத்தனையாவது இடத்தில நிக்கிறீங்க, எல்லாம் காட்டும்."

"சும்மாவோ? சும்மா தாறதில என்ன இருக்கப்போகுது? விலையானதைச் சொல்லும்."

"விலையானது மாசம் நூறு டொலர் வரும். ஆனா முதல் ஏழு நாள் சும்மா."

"அது வேற சும்மா," என்றார் பேணாட்.

ரிஷாத் சிரித்துக்கொண்டே கூகிளின் டூலையும் அவருடைய தளத்தோடு இணைத்து வைத்தார். பேணாட் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. ஏழு நாளுக்கு ஒரு டூல், எட்டாம் நாள் புது மின்னஞ்சல். பேணாட்1, பேணாட்2 என்று போய், மே மாதம் முடியும்போது பேணாட்9 ஆகியிருந்தார்.

முதல் டூல், பக்கம் திறக்கும் வேகத்தை அளந்தது. நூற்றுக்கு இருபத்துமூன்று. சிவப்பு வட்டம். படங்களின் பாரம் கூட என்றது. தளத்தில் நாற்பத்தொரு படங்கள் இருந்தன. நாற்பதில் துறைமுகம், ஒன்றில் வீடு. பேணாட் நாற்பதையும் கழற்றினார். மிஞ்சிய வீட்டை முத்திரை அளவுக்குச் சுருக்கினார்.

தொண்ணூற்றேழு! பச்சை!

அந்தப் பச்சை வட்டத்தை அச்செடுத்து, லமினேற் பண்ணி, விறாந்தையில் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார்.

"படமே இல்லாட்டி, சனம் எதைப் பாத்து வாறது?" என்று கேட்டாள் மனைவி இன்பமலர்.

"முதல்ல வேகம், மலர். கடல்லயும் அதுதான்."

"நீங்கள் ஓட்டினது இழுவைப் படகு. கரையால நடந்துபோறவன் அதை முந்திப்போடுவான்."

இரண்டாவது டூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உலகம் எந்தச் சொல்லை எத்தனை தடவை தேடுகிறது என்று அது எண்ணிச் சொல்லும். பேணாட் 'திருகோணமலை தங்குமிடம்' என்று அடித்தார். மாதம் தொண்ணூறு பேர். முகம் தொங்கிவிட்டது. பிறகு, வாயில் வருவது போலவே அடித்துப் பார்ப்போமே என்று 'திருமலை' என்று அடித்தார்.

வட்டம் சுற்றியது. நின்றது.

"மலர்! ஓடி வாரும்! ஓடி வாரும்!"

குசினியிலிருந்து தேங்காய்ப்பூக் கையோடு ஓடிவந்தாள்.

"பதின்மூண்டு லட்சம்! மாசா மாசம் பதின்மூண்டு லட்சம் பேர் எங்கட திருமலையைத் தேடுறாங்கள்! அதுவும் இந்தியாவில மட்டும்!"

"இந்தியாவில ஆருக்கப்பா எங்கட ஊரைத் தெரியும்?"

"என்ன கதை கதைக்கிறீர்? வெள்ளைக்காரன் ஒருத்தனோட ஒருத்தன் அடிபட்டுப் பிடிச்ச துறைமுகம். தேடாம என்ன செய்வாங்கள்?" பேணாட்டின் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது. "நாங்கள்தான் எங்கட ஊரின்ர பெருமை தெரியாம இருந்திட்டம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஊரில் எவரும் திருகோணமலை என்று முழுதாகச் சொல்வதில்லை. பஸ் நடத்துனர் முதல் பங்குத் தந்தை வரை 'திருமலை'தான். ஏழுமலையான் கோயில் இருக்கும் இடத்தை அவர்கள் திருப்பதி என்பார்கள். அந்த மலைக்கும் திருமலை என்றுதான் பெயர் என்பது ஐம்பத்தொன்பது வருடத்தில் பேணாட்டின் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

அன்றே தளத்தில் இருந்த எல்லாத் திருகோணமலையும் திருமலை ஆனது. டூல் அதோடு விடவில்லை. திருமலையோடு சேர்த்துத் தேடப்படும் சொற்கள் என்று ஒரு பட்டியல் நீட்டியது.

"தரிசனம்," என்று வாசித்தார் பேணாட். "சரிதானே? தரிசனம் எண்டா பாக்கிறது. திமிங்கிலம் பாக்கப் படகில கூட்டிக்கொண்டு போவம். படகுத் தரிசனம்! மலைப்பாதை. அது கோணேசர் கோயிலுக்கு ஏறுற றோட்டு. முடி... முடி எண்டா ரெண்டு கடை தள்ளிச் சலூன் இருக்கு."

"லட்டு எண்டும் கிடக்குது."

"உமக்குச் செய்யத் தெரியும்தானே?"

எல்லாம் தளத்தில் ஏறின.

மூன்றாவது டூல், எழுத்து போதாது என்றது. முந்நூறு சொல் வேண்டுமாம். எண்ணிப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருந்தது. மிச்ச எட்டுச் சொல்லுக்காகப் பேணாட் ஒரு பின்னேரம் முழுவதும் விறாந்தையில் மேலும் கீழும் நடந்தார்.

"மலர், எட்டுச் சொல் சொல்லும் பாப்பம். எங்கட விடுதியைப் பற்றி."

இன்பமலர் எவரும் படுக்காத பன்னிரண்டு தலையணை உறைகளைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

"என்னத்தைச் சொல்ல? இஞ்ச ஒரு கூட்டமும் இல்லை, எந்த நாளும் அறை சும்மாதான் கிடக்குது எண்டு எழுதுங்கோ!"

பேணாட் அதைச் செந்தமிழாக்கி அடித்தார். *திருமலையில் எங்களிடம் கூட்டமே இல்லை. எந்த நாளும் அறை உண்டு.* விரல்விட்டு எண்ணினார். சரியாக எட்டு. டூல் பச்சையாகிவிட்டது.

யூலை பிறந்ததும் போன் அடிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஓயவில்லை.

"சார், முடி எறக்குற எடம் பக்கத்துல இருக்கா?"

"ரெண்டு கடை தள்ளி. ஏசி போட்டது."

"குழந்தைக்கும் எறக்குவாங்களா?"

"பிள்ளை அழாட்டி வெட்டுவார்."

இப்படியே இருபது, முப்பது. எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் வரவில்லை. லட்டுப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் முனிரத்தினம் என்பவர்தான். கனிந்த குரல். ஆனால் துருவித் துருவிக் கேட்கிற பேர்வழி.

"எத்தனை ரூம் சார் உங்களுக்கு?"

"ஆறு."

"ஆறு நூறா?"

"ஆறு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "வெறும் ஆறு! சரி சார், வெப்சைட்டுல எல்லாம் ரொம்ப நல்லா எழுதியிருக்கு. யாரு எழுதுறது?"

"நான்தான்," என்றார் பேணாட். நெஞ்சு மறுபடியும் பொத்தானைத் தள்ளியது. "முழுக்க முழுக்க நான்தான்."

மனுசர் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்தார். தண்ணீர் எப்படி, கட்டில் எப்படி, நிஜமாகவே கூட்டம் இல்லையா, ஞாயிற்றுக்கிழமையும் இல்லையா. நிஜமாகவே இல்லை என்று பேணாட் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

லட்டுக்கு மனிசி என்று சொன்னதும் அழைப்பு அறுந்தது என்றேனே, அந்தக் காலையில்தான் பேணாட்டின் பொறுமையும் அறுந்தது. வீதியைக் கடந்து போய், "தம்பி, கூகிள் சும்மா தந்த அந்தச் சாமானைத் திறந்து பாரும்," என்றார்.

ரிஷாத் திறந்தார். முதலில் அவர் கண் அகன்றது.

"அண்ணன்! 'திருமலை கூட்டம் இல்லாத நாள்' எண்டு தேடினா நீங்கதான் முதலாம் இடம்!"

"எங்க? காட்டும்!"

"பன்னெண்டாயிரம் பேர் பாத்திரிக்கிறாங்க!" ரிஷாத் பட்டியலில் கீழே போகப் போக அவர் முகம் ஒரு மாதிரியானது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க ஏலாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

"என்னப்பா? சொல்லிப்போட்டுச் சிரியும்."

ரிஷாத் திரையைத் திருப்பினார். மலை. பொன் கோபுரம். கடலலை போலச் சனம்.

"இது திருப்பதியெல்லோ?" என்றார் பேணாட்.

"ஓம் அண்ணன். கீழ இரிக்கிற ஊர்தான் திருப்பதி. மேல இரிக்கிற மலைக்குப் பேர் திருமலை."

பேணாட் பக்கத்துக் கதிரையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப அந்தப் பதின்மூண்டு லட்சம் பேரும்...?"

"ஒருத்தரும் நம்மளைத் தேடல்ல அண்ணன்."

"முதலாம் இடம்?"

"அது நம்மடதுதான். அதில சந்தேகமே இல்லை."

பேணாட்டின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

தளத்தை அழிக்க மனம் வரவில்லை. ஐம்பத்தொன்பது வருடத்தில் எந்தப் போட்டியிலும் முதலாவதாக வராத மனிதர். ஆகவே பொய்யும் இல்லாமல், இடமும் போகாமல், மேலே ஒரு வரி சேர்த்தார். *கவனிக்க: இது இலங்கையில் உள்ள திருமலை.*

மறுநாள் காலையில் அந்த வரி வாட்ஸப்பில் ஊர்வலம் வந்தது. இலங்கையிலும் திருமலை திறந்தாயிற்று, கூட்டமே இல்லை, படகில் தரிசனம், லட்டு வீட்டுத் தயாரிப்பு, பத்துப் பேருக்கு அனுப்புங்கள். மத்தியானத்துக்குள் எழுபத்தொரு அழைப்பு.

"சார், கரூர்லேர்ந்து பேசுறேன். நாப்பத்தஞ்சு பேரு, பஸ்ஸோட வர்றோம்."

"பஸ்ஸோ? இடையில கடல் கிடக்குது, ஐயா!"

"பாலம் போட்டுட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சே?"

இன்பமலர் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இண்டைக்கே அந்தப் பேரைக் கழட்டுங்கோ. சாமி பேரில சனத்தை ஏமாத்தின மாதிரிக் கிடக்குது. நாளைக்கு நான் கோயிலுக்குப் போறேல்லையோ?"

"சரி. கழட்டுறன்."

அலுமாரிக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில் இன்பமலரே பூட்டைத் திறந்தாள். முனிரத்தினம்.

"சார், முடிவு பண்ணிட்டோம். குடும்பத்தோட ஆறு பேர். மூணு ரூம். இருபத்தெட்டாம் தேதி வந்து மூணு நாள் தங்குறோம். டிக்கெட் போட்டாச்சு."

"ஐயா, ஒரு விசயம்—"

"எதுவானாலும் நேர்ல பேசிக்கலாம் சார்," என்று வைத்துவிட்டார்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. யூலை முப்பத்தொண்டுக்குள் சரியாக மூன்று நாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமலை என்ற பெயர் தளத்தில் அப்படியே கிடந்தது. பேணாட் ஒவ்வொரு நாளும் முனிரத்தினத்தின் இலக்கத்தை எடுப்பார். மூடுவார். ரைல்ஸ் கடைக்காரர் வந்து விறாந்தையை நாடா பிடித்து அளந்து, கொமட் வைக்க இடம் வசதி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பேணாட் அந்த இலக்கத்தை எடுப்பதையே விட்டுவிட்டார்.

இருபத்தேழாம் திகதி இரவுச் சாப்பாட்டின்போது, இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னார்.

"மலர், நான் இழுத்த கப்பல் ஒண்டுகூடப் பிழையான கரையில நிண்டதில்லை."

"தெரியும்."

"நாளைக்கு உள்ளதைச் சொல்லிப்போடுவன். பேணாட் பேரை மாத்தி ஆள் பிடிச்சவன் எண்டு ஒருத்தனும் சொல்லப்படாது. வீடு போனாப் போகட்டும்."

இன்பமலர் இன்னொரு இடியப்பம் எடுத்து அவர் கோப்பையில் வைத்தாள். அன்று தேவைக்கு அதிகமாகவே சொதி ஊற்றினாள்.

இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து வான் வந்து நின்றது. சாட்சிக்கு ரொறன்ரோவிலிருந்து மெற்றில்டா அக்கா வீடியோவில் இருந்தார். அங்கே காலை ஆறரை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இன்பமலர். எதிர்க்கடை வாசலில் ரிஷாத். இரண்டு கடை தள்ளிச் சலூன்காரரும், ஆறு தலை வருகிறது என்று கேள்விப்பட்டு, புது பிளேட்டோடு வெளியே வந்து நின்றார்.

வானிலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் இறங்கினார். பின்னால் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஒரு மருமகளின் கையில் மடிக்கணினி. பெரியவர் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று ஜன்னல்களை எண்ணினார்.

பேணாட் துறைமுகத்தில் விசேட நாட்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நின்றார். கைகூப்பினார்.

"ஐயா, உள்ளுக்கு வரமுதல் ஒண்டு சொல்லவேணும். இது நீங்கள் நினைச்ச இடமில்லை."

"சொல்லுங்க சார்."

"இந்த ஊருக்குத் திருகோணமலை எண்டு பேர். நாங்கள் சுருக்கித் திருமலை எண்டுறது. மலை இருக்குது, கோயிலும் இருக்குது. ஆனா நீங்கள் தேடி வந்த சாமி இஞ்ச இல்லை. லட்டு என்ர மனிசி செய்தது. பிழை முழுக்க என்ரதான். ஒரு நேரம் வயிறாறச் சாப்பிடுங்கோ. பிறகு, நீங்கள் எந்த இடத்துக்குப் போகவேணுமெண்டாலும் நானே கொண்டுபோய் விடுறன். ஒரு சதமும் வேண்டாம்."

போனுக்குள் மெற்றில்டா அக்கா தலையில் கை வைத்தார். "விசரன்! மூண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமெல்லோ!"

பேணாட் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் ஒன்று கயிற்றில் வரும்போது நிற்பது போல, காலை அகட்டி, நேராக நின்றார்.

முனிரத்தினம் அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு விறாந்தையில் ஏறி, திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்கிய பச்சை வட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்து, தொண்ணூற்றேழு என்று வாய்க்குள் வாசித்தார். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அதெல்லாம் தெரிஞ்சுதான் சார் வந்தோம்," என்றார், வாசலில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு மூன்று நாளைக்கு எழும்பாதவர் போல உட்கார்ந்துகொண்டு. "அந்தத் திருமலைக்குக் கீழ எண்பது ரூம் லாட்ஜு என்னோடது, பன்னெண்டு வருஷமா கூகிள்ல முதல் இடத்துல இருந்த எங்களை ஆறு ரூமை வச்சுக்கிட்டு ரெண்டாவதா தள்ளிட்டீங்க, அந்தக் 'கூட்டமே இல்லை'ங்கிற வரியை உங்களுக்கு எழுதிக் குடுத்தது எந்த டூல் சார்?"